முந்தானையைச் செருகிய கை

மேல்மலையனூரில் அமாவாசை இரவு பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் நிற்கக்கூட இடம் கிடைக்காது. செஞ்சியிலிருந்து வளத்தி வழியாகவும், திருவண்ணாமலையிலிருந்து அவலூர்பேட்டை வழியாகவும் வரும் சிறப்புப் பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே ஆட்களை இறக்கிவிடும். அங்கிருந்து நடைதான். எலுமிச்சம்பழக் கூறு, வேப்பிலைக் கட்டு, பொரி மூட்டை, நடுவில் படுத்துக் கிடக்கும் குழந்தைகள் என்று எல்லாவற்றையும் தாண்டி வடக்கு வாசல் பக்கம் ஊஞ்சல் மண்டபத்துக்கு எதிரே ஒரு முழம் தரை பிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்துவிடும். அங்காளபரமேசுவரி ஊஞ்சலில் வந்து அமர்ந்ததும் ஆயிரக்கணக்கான உள்ளங்கைகளில் கற்பூரம் எரியும். தாலாட்டு தொடங்கும். பம்பையும் உடுக்கையும் சேர்ந்து ஒரு கட்டத்தில் நடை மாறும்.

அந்த நடை மாறும் இடத்தில்தான், எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். அதுவரை மடியில் இருந்த குழந்தைக்குப் பொரி ஊட்டிக்கொண்டிருந்தவள். கூந்தல் அவிழ்ந்து, பார்வை எங்கோ போய், வாயிலிருந்து வந்த சத்தம் அவளுடையதாகவே இல்லை. எள் விழ இடமில்லாத கூட்டத்தில் நொடியில் அவளைச் சுற்றி ஒரு பாய் அளவுக்கு இடம் விட்டார்கள். யாரும் சொல்லவில்லை. பின்னால் இருந்த ஒரு நடுத்தர வயது அம்மாள் எழுந்து ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்து, மறு கையால் நழுவிய முந்தானையை இழுத்துச் சுற்றி இறுக்கிச் செருகினாள். குழந்தையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். “யாரு தாயி வந்திருக்கிறது?” என்று கேட்டாள். பத்து நிமிடம் முன்பு, பாய் விரிக்கும் இடத்துக்காக இதே பெண்ணோடு குரலை உயர்த்திச் சண்டை போட்டவளும் இவள்தான்.

ஆட்டம் அடங்க கால் மணி நேரம் ஆனது. கற்பூரத்தை நாக்கில் வைத்து, தண்ணீர் தெளித்து, உட்காரவைத்து, குழந்தையை மடியில் திரும்ப வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் கேட்டாள்: “எந்த ஊரும்மா நீ?”

இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் முந்தானை, பிறகு குழந்தை. ஊர், பேர் விசாரித்ததெல்லாம் கடைசியில். மனிதர் என்றால் யார் என்று கேட்டு ஆயிரம் நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கு அந்தக் கேள்வியின் முழு விவகாரமும் அந்தச் செருகலுக்குள் இருப்பதாகவே தோன்றுகிறது.

தமிழில் இதற்கு மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. ஆறாவது அறிவை மனம் என்கிறது, மக்களை அந்தப் படியில் வைக்கிறது. நாம் மேடையில் பேசும்போது அதைப் பகுத்தறிவு என்று மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம், அது வேறு கதை. மேல்மலையனூருக்குப் போகிற வழியில் செஞ்சிக்குப் பக்கத்திலேயே இந்த விடைக்கு ஒரு கல் சாட்சியும் உண்டு. திருநாதர்குன்று. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கும் அந்தச் சிறு குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை ஒரு பழங்கல்வெட்டு சொல்கிறது. தமிழ் எழுத்து வரலாற்றைப் படிப்பவர்கள் அந்தக் கல்வெட்டில் இருக்கும் பழைய ‘ஐ’ எழுத்தைப் பார்க்க அங்கே போவார்கள். நான் அந்த ஐம்பத்தேழு நாளை நினைத்துக்கொண்டு போவேன். பசியை, உடலை, அச்சத்தை மனம் ஒன்றினாலேயே ஆண்ட ஒரு மனிதர்.

சரி, மனம்தான் மனிதருக்கு இலக்கணம் என்றால், மனம் நோயுற்றவர் எந்தப் படி? தன்னை ஆள முடியாதவர், தன் பெயரையே மறந்தவர், சாலையோரம் தனக்குள் பேசிக்கொண்டு போகிறவர், இவர்களை எந்த வகுப்பில் எழுதுவது? சந்திரநந்தியின் உயரத்தை அளவுகோலாக வைத்தால் நம்மில் பெரும்பாலோர் தேறமாட்டோம். ஆனால் அந்த அளவுகோலால் அடிபடுகிறவர்கள் மட்டும் எப்போதும் அவர்களாகவே இருக்கிறார்கள்.

குன்றிலிருந்து இருபது கிலோமீட்டர்போல் தள்ளி, மலையனூரில் சொல்லப்படும் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஐந்து தலை பிரம்மனின் ஒரு தலையைச் சிவன் கொய்துவிடுகிறார். மண்டை ஓடு கையோடு ஒட்டிக்கொள்கிறது. வாங்குகிற பிச்சையை எல்லாம் அந்தக் கபாலமே தின்றுவிடுகிறது. பசியும் பித்துமாகக் கடவுள் சுடுகாடு சுடுகாடாக அலைகிறார். சரசுவதியின் சாபத்தால் உருக்குலைந்த பார்வதி மலையனூரில் புற்றுக்குள் வந்து தங்குகிறாள். அங்கே வந்து சேரும் கணவனின் கையில் இருப்பதற்குச் சோற்றைக் கவளமாக உருட்டிப் போடுகிறாள். முதல் கவளம், இரண்டாம் கவளம், ஓட்டுக்குள். மூன்றாவதைத் தரையில் இறைக்கிறாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்குகிறது. அம்மன் பேருருக் கொண்டு அதை மிதிக்கிறாள். மாசி மாதத்தில் மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் மயானக் கொள்ளை இந்தக் கதையின் நினைவுதான். தானியம், காய், சுண்டல், சில்லறை என்று கையில் இருப்பதை எல்லாம் வாரி இறைக்கிற திருவிழா.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை ஒரு குடும்பத்தில் நடந்ததாகப் படித்துப் பாருங்கள். ஒரு குற்றம் செய்தவனுக்குக் குற்ற உணர்வு கையோடு ஒட்டிக்கொள்கிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. சுடுகாட்டில் படுக்கிறான், தெருத்தெருவாக அலைகிறான். அவனை யாரும் கட்டிப்போடவில்லை. வீட்டுக்காரி, அவளே நலம் கெட்டிருக்கிற நிலையில், சோறு உருட்டி எடுத்துக்கொண்டு வருகிறாள். நோயையும் நோயாளியையும் அவள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் இல்லை. மிதிபட்டது கபாலம், கணவன் அல்ல. இந்தக் கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்து வருகிறவர்கள் பர்வதராஜ குலத்து மீனவர்கள். பர்வதராஜன் பார்வதிக்குத் தகப்பன் முறை. ஆக, அவள் வந்து தங்கியது தாய்வீட்டு ஆட்களிடம் என்றும் சொல்லலாம்.

இதே விழுப்புரம் மாவட்டத்தின் இன்னொரு மூலையில், திருவெண்ணெய்நல்லூரில், சுந்தரர் கதை. கல்யாணப் பந்தலில் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை நீட்டிய கிழவரைப் பித்தன் என்று வைகிறார் மாப்பிள்ளை. வழக்கு ஊர்ச்சபை வரை போய்க் கிழவர் பக்கம் தீர்ப்பாகிறது. பிற்பாடு, என்னை வைதாயே, அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று கேட்கிறாராம் கிழவராக வந்த சிவன். வசைச் சொல்லைத் தன் பெயராக ஏற்றுக்கொண்ட தெய்வத்தை வைத்திருக்கிற மாவட்டம் இது. ஆனால் அடுத்த நாள் காலை நடப்பது வேறு.

அமாவாசைக்கு மறுநாள் காலை செஞ்சிப் பேருந்து நிலையம். கூட்டத்தில் பாதி மலையனூரிலிருந்து திரும்புகிறவர்கள், நெற்றியில் விபூதி குங்குமம் இன்னும் அழியவில்லை. அழுக்குச் சட்டை போட்ட ஒருவர் தனக்குள் பேசியபடி பெஞ்சு ஓரமாக உட்காரப் போனார். சட்டென்று பெஞ்சு காலியானது. இரவு அந்தப் பெண்ணைச் சுற்றி விழுந்ததும் இடைவெளிதான், இதுவும் இடைவெளிதான். ஒரு பையன் தண்ணீர்ப் பாட்டிலை அவர் மேல் பீய்ச்சினான். இரண்டு பேர் சிரித்தார்கள். “கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்துக் குடுங்கப்பா” என்றார் ஒருவர். 1794-இல் சென்னையில் வாலண்டைன் கனோலி என்ற மருத்துவர் தொடங்கிய காப்பகத்திலிருந்து வளர்ந்தது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு மூச்சு விட்டுக்கொள்ள இடம் கொடுத்தது. நாம் அந்த ஊர்ப்பெயரை வசையாக்கி, நகைச்சுவைக் காட்சிகளில் இன்னும் கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம். கீழ்ப்பாக்கத்தில் குடியிருப்பவர்கள் முகவரி சொல்லும்போது ஒரு நொடி தயங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நியாயம்தான்.

இரவில் முந்தானையைச் செருகியவர்களும் காலையில் பெஞ்சை விட்டு எழுந்தவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று நான் நம்பவில்லை. இரவில் அந்த நிலைக்கு அருள் என்று ஒரு பெயர் இருந்தது, சுற்றி இருந்தவர்களுக்கு அவரவர் வேலை தெரிந்திருந்தது. பிடிக்க ஒருத்தி, கேட்க ஒருத்தி, தண்ணீருக்கு ஒருத்தி. காலையில் அந்த மனிதருக்கு என்ன செய்வது என்று யாருக்கும் கற்றுத்தரப்படவில்லை. தெரியாத இடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது, அல்லது பயம்.

பேருந்து நிலையத்தில் நாம் பழகிய வேறொரு வழக்கம் உண்டு. “பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவோம். பெரும்பாலும் பை அப்படியே இருக்கும். மனிதர் என்ற தகுதியும் அந்தப் பை மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா நேரமும் நம் கையிலேயே இருப்பதில்லை. காய்ச்சலில், மயக்கத்தில், மறதி நோயில், மனம் பிறழும்போது கையை விட்டுப் போகிறது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டால்தான் திரும்பி வந்து வாங்கிக்கொள்ள முடியும்.

பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டவர்கள் பற்றியும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகு, 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போனார்கள். மனநலம் குன்றியவர்களும் ஆதரவற்றவர்களுமாக 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். உரிய அனுமதி இல்லாமல் நடந்திருக்கிறது என்றார்கள். அடித்தது, சங்கிலியிட்டது, பாலியல் கொடுமை, ஆட்கள் காணாமல்போனது என்று குற்றச்சாட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குற்றத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எனக்கு உறுத்துவது, அந்த 140 பேர் அத்தனை காலம் அங்கே இருந்தபோது வெளியே இருந்த நம்முடைய நிம்மதி. சாலையில் திரிந்தவரை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது, நல்ல காரியம் என்று நினைத்தோம். போன இடத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பையைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிப் போனவர்கள் நாம்.

ஏர்வாடி இதைவிடக் கொடியது, இதைவிட முந்தியது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டத்து அந்தத் தர்கா ஊரில், தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் இருந்தார்கள். 28 பேர் இறந்தனர். ஓடக் கால் இருந்தது, கத்தக் குரல் இருந்தது. சத்தம் கேட்டவர்கள் அது வழக்கமான சத்தம்தான் என்று எண்ணியிருந்தால்கூட ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒருவருடைய பேச்சுக்குப் பொருள் இல்லை என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், ‘தீ’ என்று அவர் கத்தினாலும் அது நம் காதில் பேச்சாக விழாது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன.

அதற்கு அடுத்த ஆண்டு, 2002-இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு கட்டுரை வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் சகாக்களும் எழுதியது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கவந்த 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோருக்குக் கடுமையான மனச்சிதைவு. கோயிலில் தனியாகப் பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. வீட்டார் ஒருவர் கூடவே இருக்க, சில வாரம் தங்கி, கூட்டிப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வேளைக்குச் சாப்பிட்டார்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் சராசரியாக ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. மருந்து தரும் பலனோடு ஒப்பிடத்தக்க அளவு என்றார்கள் ஆய்வாளர்கள். மரியாதையோடு வைத்துக்கொள்ளும் ஓர் இடமே மருந்தாகியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஏர்வாடியின் சாம்பல் ஆறுவதற்குள் இப்படி ஒரு முடிவை எழுதத் துணிச்சல் வேண்டும். கோயில்களை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. 31 பேர் சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. அதனால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள் என்று இதைப் படிக்கக் கூடாது.

கோயிலைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. இந்தச் செஞ்சி வட்டாரத்தில் தங்கிக் களஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், 2000-இல் வெளிவந்த தன் நூலில் ஒரு கசப்பான செய்தியைச் சொல்கிறார். பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்படுகிறவர்களில் பலர் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பிடித்ததாகச் சொல்லப்படும் பேய்களோ, ஆசை நிறைவேறாமல் அகால மரணம் அடைந்த இளைஞர்கள். பம்பை அடித்து, விசாரித்து, மிரட்டி, கடைசியில் உச்சிமுடியை எடுப்பதோடு முடியும் சடங்கு, அந்தப் பெண்ணைக் குணப்படுத்துவதைக் காட்டிலும் புருஷன் வீட்டுக்கு அடங்கியவளாக்கித் திருப்பி அனுப்பும் வேலையையே செய்கிறது என்பது அவர் வாதம். முழுக்க ஏற்காவிட்டாலும் தள்ள முடியாத வாதம். ‘யாரு வந்திருக்கிறது?’ என்ற கேள்வியை அமாவாசை இரவில் அந்த அம்மாள் கேட்டதற்கும், கையில் வேப்பிலைக் கொத்தோடு ஒரு கோடாங்கி அதட்டிக் கேட்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. ஒன்று பதிலுக்குக் காத்திருக்கிற கேள்வி. மற்றதில் பதில் முன்பே தயார். மாமியார் வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று அவள் தன் வாயால் சொன்னால் திமிர் என்பார்கள். செத்துப்போன எவனோ ஒருவன் வாயால் சொன்னால் ஊரே உட்கார்ந்து கேட்கும். அப்படிக் கேட்டுவிட்டு, சொன்னது அவன்தான் என்று அவளை அதே வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிடும்.

2017-இல் இயற்றி 2018 மே முதல் நடப்பில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தபோது, எனக்கு இந்த நடைமுறைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு அன்றாடம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியிடக் கூடாது என்கிறது, சரி, அது தெரிந்ததே. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, அவர் விரும்பினால் தன் சொந்த உடையையே உடுத்திக்கொள்ள விடவேண்டும், சீருடை மாட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. மலையனூரில் ஆண்டுதோறும் எத்தனையோ பேர் மனமுவந்து மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். அதே கத்திதான், அதே தலைமுடிதான். வேண்டுதலுக்கு இறக்கிய முடிக்கும் பேன் பிடிக்கும் என்று காப்பகத்தில் வழித்த முடிக்கும் உள்ள வேறுபாடு, முடியின் சொந்தக்காரரைக் கேட்டோமா என்பதில் இருக்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்றாகிவிடாது என்கிறது இன்னொரு பிரிவு. மனநோயோடு ஆதரவின்றித் திரிபவரைக் கண்டால் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் சட்டம்தான். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் அன்று காலை இது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான்.

சட்டம் வந்தும் சிகிச்சை வந்து சேரவில்லை. 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டு, 70 முதல் 92 விழுக்காடு பேர் உரிய சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று தேட வேண்டியதில்லை. அமாவாசைக்கு மலையனூர் வந்தால் ஒரு பகுதியைக் கண்ணால் பார்க்கலாம். ஏர்வாடியில் அந்த விபத்துக்குப் பிறகு, தர்காவுக்குப் பக்கத்திலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்து, பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் தருகிற ஏற்பாடு வந்தது. ஓதுகிறவர்களே ஆளை மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள். மேல்மலையனூரின் ஒவ்வோர் அமாவாசைக்கும் பேருந்து, குடிநீர், ஆம்புலன்ஸ் என்று திட்டமிடும் மாவட்ட நிர்வாகத்துக்கு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து மனநலத் துறையாளர் ஒருவரை நிரந்தரமாக வடக்கு வாசல் பக்கம் உட்காரவைப்பது பெரிய செலவில்லை. பலகையில் ‘மனநலம்’ என்றுகூட எழுத வேண்டாம். பூசாரிகளோடும் பம்பைக்காரர்களோடும் முதலில் போய்ப் பேசட்டும். ஆளைப் பார்த்ததும், இது அருளா வேறா என்று அவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும். யார் வீட்டில் தூக்கமே இல்லாமல் மூன்று மாதமாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்பதும் அவர்கள் காதுக்குத்தான் முதலில் வரும்.

அந்தக் காலை செஞ்சியில் பெஞ்சு காலியானது என்றேன். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, நிலையத்து வாசலில் இருந்த டீக்கடை முன்னால் போய் நின்றார். வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் ஆறேழு பேர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். டீ மாஸ்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“சக்கரை தூக்கலாவா, கம்மியாவாண்ணே?”

அவர் பதில் சொல்லவில்லை. யோசித்தார். மாஸ்டர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பின்னால் யாரோ முணுமுணுத்தது கேட்டது. ஒரு பேருந்து கிளம்பிப் போனது.

“தூக்கலா” என்றார்.

மாஸ்டர் இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினார்.